காய்ச்சல் போய்ப் பன்னிரண்டாம் நாள் நெஞ்சுவலி. "மையோகார்டைடிஸ்" (இதயத் தசை அழற்சி) என்கிறார்கள். எப்போது ஓடலாம்?

நொய்யல்கரையான் (திருப்பூர்)

வணக்கம். நாலைந்து வருடமாக இங்கே படித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 34. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சிகரெட், குடி கிடையாது. சுகர், பிரஷர் கிடையாது. வாரத்தில் நாலு நாள் ஓடுவேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் 15 கிலோமீட்டர். டிசம்பர் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் தக்காளிக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை, உள்ளங்கால், வாய் எல்லாம் கொப்புளம். அவனுக்கு ஆறுகிற நேரத்தில் எனக்கு ஆரம்பித்தது. மூன்று நாள் காய்ச்சல், அடித்துப் போட்டதுபோல் உடம்புவலி, வயிற்றுப்போக்கு. டோலோ போட்டேன், விட்டுவிட்டது. விட்ட மறுநாளே 8 கிலோமீட்டர் ஓடினேன். நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 20 கூடுதல் என்று வாட்ச் காட்டியது. நான் வாட்ச்சைத்தான் சந்தேகப்பட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சில் வலி. குத்தல் இல்லை, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தம். படுத்தால் கூடுகிறது. எழுந்து உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தால் குறைகிறது. மனைவி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். விடிந்ததும் பக்கத்துக் கிளினிக். "இந்த வயசில் ஹார்ட்டா? வாயுதான்" என்று ஓர் ஊசி, ஒரு மாத்திரை. இசிஜி எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இசிஜி எடுத்த பெண் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியே போனாள். ஹார்ட் அட்டாக் என்று மனைவியிடம் கையெழுத்து வாங்கி, அரை மணி நேரத்தில் என்னை ஆஞ்சியோ எடுக்கிற கேத் லேபில் படுக்க வைத்தார்கள். ஆஞ்சியோ பார்த்தால் மூன்று குழாயும் சுத்தம். ஆனால் இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின், 14-க்குள் இருக்க வேண்டியது, 860. எக்கோவில் பம்பிங் 45 சதவீதம். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, மையோகார்டைடிஸ், இதயத்தின் மேலுறையிலும் கொஞ்சம் இருக்கிறது, வைரஸ் வேலை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம். வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. மெட்டோப்ரோலால், ராமிப்ரில், கோல்ச்சிசின் என்று மூன்று மாத்திரை. ஆறு மாதம் ஓடக் கூடாது என்கிறார் டாக்டர். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உண்மையிலேயே ஆறு மாதம் வேண்டுமா? இங்கே யாருக்காவது இது வந்திருக்கிறதா?

எக்கோ_அக்கா (மதுரை)

தம்பி, குழாய் சுத்தம் என்பதே பாதி நல்ல செய்தி. நான் டாக்டர் இல்லை, 18 வருடமாக எக்கோ ரூமில் ஜெல் தடவுகிறவள். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மாரடைப்பு என்றால் எந்தக் குழாய் அடைத்ததோ, அது பாய்கிற பகுதியில் மட்டும் இசிஜியில் கோடு தூக்கும். உங்கள் நோயில் பரவலாகத் தூக்கும். ஆனால் புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் எல்லா நோயாளிக்கும் வராது. நள்ளிரவில் ஒரு காகிதத்தைப் பார்த்து இது அதா இதா என்று பந்தயம் கட்ட யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். அதனால் உங்களைக் கேத் லேபுக்குத் தள்ளிக்கொண்டு போனதை நான் குறை சொல்ல மாட்டேன். இசிஜியே எடுக்காமல் வாயு என்ற கிளினிக்கைத்தான் சொல்வேன்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். "சப்எபிகார்டியல்" அல்லது "மிட்வால்" என்று ஒரு வார்த்தை இருக்கும், இதயச் சுவரின் வெளிப்பக்கம், நடுப்பக்கம் என்று அர்த்தம். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற குழாய்கள் அதன் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. அங்கிருந்து உள்ளே இறங்குகிற ரத்தம் கடைசியாகப் போய்ச் சேருவது உட்பக்கத்துத் தசைக்கு. குழாய் அடைத்தால் முதலில் சாவது அந்தக் கடைக்கோடிதான், கால்வாய் வற்றினால் கடைமடை வயல் முதலில் காய்கிற மாதிரி. வைரஸுக்கு இந்த முறைப்பாசனம் எல்லாம் தெரியாது. வெளிப்பக்கத்திலும் நடுவிலும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அதுவும் பெரும்பாலும் இடது கீழறையின் பக்கவாட்டுச் சுவரில். காடோலினியம் ஊசி போட்டுப் படம் எடுத்தால் அந்தத் திட்டுகள் வெள்ளையாகத் தெரியும். சுவரில் ஓதம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியிருக்கிறது என்று கொத்தனார் பார்ப்பதுபோலத்தான். இதற்கென்று லேக் லூயிஸ் விதிகள் என்று வைத்திருக்கிறார்கள், 2009-இல் வந்தது, 2018-இல் திருத்தினார்கள். கனடாவில் ஓர் ஏரியின் பெயர் அது.

நொய்யல்கரையான்

ஆமாம் அக்கா, "சப்எபிகார்டியல், இன்ஃபெரோலேட்டரல் வால்" என்றே இருக்கிறது. இவ்வளவு நாள் அதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்விக்குறி (சேலம்)

கோவிட் ஊசி எத்தனை போட்டீர்கள்? அதைச் சொல்லாமல் வைரஸ், வைரஸ் என்றால் எப்படி? 2021-க்கு முன்னால் இந்த வார்த்தையை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சொல்லாய்வன் (தஞ்சாவூர்)

மையோகார்டைடிஸ் என்ற சொல் 1837-லிருந்து இருக்கிறது ஐயா, சோபர்ன்ஹைம் என்ற ஜெர்மானியர் வைத்தது. தமிழில் இதயத் தசை அழற்சி. செய்தித்தாள்களில் "இதய வீக்கம்" என்று எழுதுகிறார்கள், அது தவறு. இதயம் பெரிதாவது வேறு நோய். அழல் என்றால் நெருப்பு, அழற்சி என்றால் காந்துவது. இன்ஃப்ளமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீனிலும் தீதான் இருக்கிறது. வேறொன்றும் எனக்குத் தெரியாது, நீங்கள் தொடருங்கள்.

ராத்திரி_டூட்டி (சென்னை)

இதயப் பிரிவில் வேலை. இணையத்தில் யாருக்கும் வைத்தியம் சொல்வதில்லை, பொதுவாக மட்டும் எழுதுகிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரிடம்தான்.

பையனுக்குத் தக்காளிக் காய்ச்சல் என்று சொன்னீர்களே, அது ஒரு துப்பு. அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் காக்சாக்கி ஏ வகை. இதயத் தசையைப் பிடிப்பதில் பேர்போனது அதன் பங்காளியான காக்சாக்கி பி. இரண்டும் குடலில் வளர்கிற எண்டெரோவைரஸ் குடும்பம். பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று கேட்பார்கள்: நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் காக்சாக்கி என்று ஒரு சிற்றூர். அங்கே குழந்தைகளுக்குப் போலியோபோல வந்ததை ஆராயப்போய், டால்டார்ஃப், சிக்கிள்ஸ் என்ற இருவரும் 1948-இல் கண்டுபிடித்தது இந்த வைரஸ். இது தவிர பார்வோ பி19, அடினோ, ஃப்ளூ, கோவிட், டெங்கு என்று பட்டியல் நீளும். உங்களுக்கு எது வந்தது என்று உறுதியாகச் சொல்ல இதயத் தசையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். நன்றாகத் தேறி வருகிறவருக்கு அதைச் செய்ய மாட்டோம், சிகிச்சை எப்படியும் மாறப்போவதில்லை.

ஏன் பன்னிரண்டாம் நாள் என்பதுதான் எல்லாரும் கேட்பது. வைரஸ் முதல் சில நாள்களில் தசைச் செல்லுக்குள் புகுந்து நேரடியாக உடைக்கிறது. இது வாசலில் மணி அடித்துவிட்டு வருகிற விருந்தாளி இல்லை. செல்லின் மேல் இருக்கிற ஒரு புரதத்தைத் தாழ்ப்பாளாகப் பிடித்துத் திறந்துகொண்டு போகிறது. அதே தாழ்ப்பாளைத்தான் அடினோ வைரஸும் பயன்படுத்துகிறது. பிறகு நம் எதிர்ப்புப் படை வருகிறது. வைரஸைத் துரத்துவதோடு நின்றால் சரி. சிலருக்கு வைரஸ் போன பிறகும் அந்தப் படை முகாமைக் கலைக்காமல் தசையையே அடிக்கும். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து நெஞ்சுவலியோடு வருகிறார்கள் என்றால் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். பெரும்பாலானோர் இதிலிருந்து முழுதாகத் தேறிவிடுவார்கள். ஒரு பகுதியினருக்கு இதயம் தளர்ந்து விரிந்துபோகிறது. யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பது முதல் வாரத்தில் தெரியாது, அதற்குத்தான் திரும்பத் திரும்ப எக்கோ.

எதிர்ப்புப் படைதானே பிரச்சினை, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினால் என்ன? நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 111 நோயாளிகளிடம் பார்த்தார்கள், 1995-இல் முடிவு வந்தது, பொதுவாகக் கொடுப்பதில் பலன் தெரியவில்லை. ஜெயண்ட் செல் என்று ஒரு கொடிய வகை உண்டு, அதற்குக் கட்டாயம் வேண்டும். இதயம் சட்டென்று படுத்துவிடுகிற சிலருக்கும் யோசிப்போம். மற்றவர்களுக்கு இதயத்தின் சுமையைக் குறைக்கிற மாத்திரையும் ஓய்வும்தான். ஓய்வைச் சேர்த்தே மருந்து என்கிறேன். 1970-இல் காக்சாக்கி பி3 கொடுத்த எலிகளைத் தினமும் நீந்தவிட்டுப் பார்த்தார்கள். சும்மா கூண்டில் கிடந்த எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல நூறு மடங்கு பெருகியிருந்தது, செத்தவையும் அதிகம். நீங்கள் ஓடிய அந்த 8 கிலோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, இனிமேலுக்காகச் சொல்கிறேன்.

கேள்விக்குறி சார், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

இரும்புக்கம்பி (கோயம்புத்தூர்)

டாக்டர்களுக்கு எதற்கெடுத்தாலும் ரெஸ்ட். எனக்கும் 2022-இல் கோவிட் முடிந்து இதே நோய்தான், ஐந்தாவது வாரம் ஜிம்முக்குப் போய்விட்டேன், இன்றுவரை குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். பேயர்ன் மியூனிக் கால்பந்து கிளப்பின் வீரர் அல்போன்சோ டேவிஸ் தெரியுமா? 2022 ஜனவரியில் அவருக்குக் கோவிட்டுக்குப் பிறகு இது வந்தது. ஏப்ரலில் களத்தில் இறங்கிவிட்டார். அவருக்கு மூன்று மாதம் போதும், பனியன் கம்பெனிக்காரருக்கு ஆறு மாதமா?

ஒரு_தங்கை

என் அண்ணனுக்கு 29 வயது. காய்ச்சல் வந்து போன பத்து நாளில் கபடிப் பயிற்சியிலிருந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். சொம்பை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் சாய்ந்துவிட்டான். ஊர்க்காரர்கள் மாரடைப்பு என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். பிரேதப் பரிசோதனைக் காகிதத்தில்தான் இந்த மையோகார்டைடிஸ் என்ற வார்த்தையை முதன்முதலில் படித்தேன். முந்தின நாள், "படி ஏறினா படபடன்னு அடிக்குது" என்று சொன்னான். தூக்கம் பத்தவில்லை என்று நினைத்தோம்.

சண்டை போட வரவில்லை. தேடும்போது இந்த இழை வந்தது, அதனால் எழுதினேன்.

இரும்புக்கம்பி

மன்னித்துவிடுங்கள் தங்கச்சி. நான் எழுதிய தொனி தப்பு.

வடதுருவ_யாழ் (ஒஸ்லோ)

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இங்கே இந்த விசயம் கனபேருக்குத் தெரிந்த கதை, அதைச் சொல்கிறேன்.

ஓரியண்டீரிங் என்று ஒரு விளையாட்டு. கையில் வரைபடமும் திசைகாட்டியும் தந்து காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். மேடு, பள்ளம், சதுப்பு எல்லாம் தாண்டி ஒவ்வொரு குறியையும் கண்டுபிடித்து ஓடி வரவேண்டும். நோர்வே, சுவீடனில் பள்ளிக்கூடத்திலேயே பழக்குவார்கள். என் மகளும் ஓடுகிறாள், நான் காட்டின் விளிம்பில் தேத்தண்ணிப் போத்தலோடு நிற்பேன்.

சுவீடனில் 1979-க்கும் 1992-க்கும் இடையில் இந்த விளையாட்டுக்காரர் 16 பேர் திடீரென்று இறந்துபோனார்கள். எல்லாரும் இளவயது, சரியான உடற்கட்டு, பலர் முன்னணி வீரர்கள். கனபேரின் இதயத் தசையில் இதே அழற்சி. ஊக்கமருந்தோ என்று கூடச் சந்தேகப்பட்டார்கள், அப்படி எதுவும் அகப்படவில்லை. கிளமிடியா, பிறகு பார்டொனெல்லா என்று பக்டீரியாக்களைக் காட்டினார்கள். எது காரணம் என்பதில் விவாதம் முடியவில்லை, ஆகவே இதை வைரஸ் கணக்கில் நேராகப் போட இயலாது. நான் சொல்ல வந்தது அவர்கள் செய்ததை. 1992 நவம்பரில் சங்கம் முன்னணி வீரர்களின் பயிற்சியையும் போட்டியையும் ஆறு மாதத்துக்கு நிறுத்தியது. ஒரு முழுப் பனிக்காலம் ஒருவரும் ஓடவில்லை. பிறகு எல்லாரையும் சோதித்து, காய்ச்சலோடு ஓடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பல வருடம் அப்படி ஒரு சாவு இல்லை.

இங்கே தடிமன் என்றாலே பயிற்சியாளர் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எங்கள் ஆட்கள்தான் "ஒரு பனடோல் போட்டிட்டு ஓடு" என்பது.

ஆஃப்_ஸ்பின் (திண்டுக்கல்)

சீரியஸான கேள்வி. எனக்கு நேற்றிலிருந்து ஜுரம் 101, கைகால் வலி. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் ஃபைனல். மாத்திரை போட்டு ஜுரத்தை இறக்கிவிட்டு நாலு ஓவர் மட்டும் போடலாமா? நான் இல்லையென்றால் டீமில் வேறு ஸ்பின்னர் இல்லை.

எக்கோ_அக்கா

போடாதே.

நொய்யல்கரையான்

இவ்வளவு படித்துவிட்டுமா கேட்கிறீர்கள் தம்பி?

ராத்திரி_டூட்டி

ஆஃப்_ஸ்பின், விளையாட்டு மருத்துவத்தில் ஒரு கழுத்துக் கணக்கு உண்டு. தொல்லை கழுத்துக்கு மேலே மட்டும் என்றால், அதாவது மூக்கு ஒழுகல், தும்மல் அளவில் இருந்தால், லேசான பயிற்சி செய்யலாம். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது காய்ச்சல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு, நெஞ்சில் சளி என்றால் கூடாது. மாத்திரை ஜுரமானியை ஏமாற்றும், இதயத்தை ஏமாற்றாது. ஃபைனல் அடுத்த வருடமும் வரும்.

கேள்விக்குறி சார், இப்போது உங்களுக்கு. உங்கள் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. ஃபைசர், மாடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளுக்குப் பிறகு, அதிலும் இரண்டாவது டோஸுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள், இளம் ஆண்களுக்கு அரிதாக இந்த அழற்சி வந்தது உண்மை. பெரும்பாலும் லேசாக வந்து போனது. யாரும் அதை மறைக்கவில்லை. ஆனால் இங்கே கோடிக்கணக்கில் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும், இரண்டும் அந்த வகை இல்லை. கோவிஷீல்டுக்கு வேறொரு அரிய பக்கவிளைவு உண்டு, ரத்தம் உறைவது. அதை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

இன்னொன்று, நோயே ஊசியைவிடப் பெரிய காரணம். அமெரிக்க ஆஸ்பத்திரிப் பதிவுகளில் 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜனவரி வரை எண்ணிப் பார்த்தார்கள். கோவிட் வந்தவர்களில் லட்சத்துக்கு சுமார் 150 பேருக்கு இந்த அழற்சி, வராதவர்களில் 9 பேருக்கு. நம் ஊரில் இளைஞர்கள் திடீரென்று சாகிறார்களே என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 47 ஆஸ்பத்திரிகளை வைத்து ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்த 729 பேரை, உயிரோடு இருக்கிற 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் வந்த முடிவு: ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, சாவதற்கு முந்தின 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் கடுமையாக உடலை வருத்தியது. கடைசியைக் கவனியுங்கள்.

இரும்புக்கம்பிக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் முழுக்கத் தப்பில்லை. எல்லாருக்கும் மூன்று முதல் ஆறு மாதம் என்ற பழைய விதி ஆதாரத்தைவிட எச்சரிக்கையால் வந்ததுதான். 2025-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் குறைந்தது ஒரு மாதம், அதற்கு மேல் ஆளைப் பார்த்து முடிவு செய் என்று தளர்த்தியது. ஆளைப் பார்த்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டேவிஸுக்கு லேசாகத்தான் வந்தது, கூடவே கிளப் டாக்டர்கள் இருந்தார்கள். அதே கோவிட்டுக்குப் பிறகு அமெரிக்கப் பேஸ்பால் வீரர் எடுவார்டோ ரொட்ரிகெஸ் 2020 சீசன் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. நம் நண்பருக்குப் பம்பிங் 45, எம்.ஆர்.ஐ.யில் திட்டு. திட்டு இருந்தால் அங்கிருந்து தாறுமாறான துடிப்பு கிளம்பலாம், அதுதான் எங்கள் பயம்.

மூலனூர்_காடு

பேச்சு எங்கேயோ போகிறது, நான் ஒன்று கேட்கட்டுமா. கோல்ச்சிசின் என்று எழுதியிருக்கிறாரே, அது எங்கள் கண்வலிக்கிழங்குதானே? ரெண்டு ஏக்கர் போட்டிருக்கிறேன். விதையை வாங்கிக்கொண்டு போகிற வியாபாரி, மருந்துக் கம்பெனிக்குப் போகுது என்பார். கவுட் நோய்க்கு என்றுதான் நினைத்திருந்தேன், நெஞ்சுக்குமா?

ராத்திரி_டூட்டி

அதேதான் ஐயா, நீங்கள் பந்தல் கட்டி வளர்க்கிற செங்காந்தள்! நம் மாநிலப் பூ. அந்த விதையிலிருந்து எடுப்பதுதான் கோல்ச்சிசின். இதயத்தின் மேலுறை அழற்சியில் இதைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்பி வருவது குறைகிறது. அரை மில்லிகிராம் கணக்கு. படுத்தால் வலி கூடும், குனிந்து உட்கார்ந்தால் குறையும் என்றாரே, அது மேலுறை வலியின் அடையாளம். அதனால்தான் அவருக்கு இந்த மாத்திரை. தசை மட்டும் பாதித்தவருக்கு இது வழக்கமில்லை.

யாரும் இதைப் படித்துவிட்டுக் கிழங்கைத் தின்று பார்க்க வேண்டாம். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு.

மூலனூர்_காடு

அது தெரியாமலா. வேலியோரம் ஆடு கூட வாய் வைக்காது. மகரந்தம் தொட்டு வைக்கிற பொம்பளைங்களுக்கு இனி நெஞ்சுக்கு மருந்து செய்யறோம்னு சொல்வேன், கூலி கூடக் கேட்பார்கள்.

கோண்டாவில் (யாழ்ப்பாணம்)

டெங்குவைப் பற்றி ஒருவரும் விரித்து எழுதவில்லை. மாரியில் இங்கே அதுதான் பெரும்பாடு. என் தம்பிக்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு நாடி 44-க்கு விழுந்தது. பிளேட்லெட் ஏறுகிறது என்று நாங்கள் சந்தோசப்பட்டுக்கொண்டு நிற்க, வார்ட்டில் ஒரு தாதிதான் நாடி மந்தமாக இருக்கிறது என்று டொக்டரைக் கூப்பிட்டார். இதயத் தசை தொட்டிருக்கிறது என்றார்கள். சேலைனை அளந்து அளந்து குறைத்தார்கள், கூடிப்போனால் நுரையீரலில் தண்ணி ஏறிவிடுமாம். ஐந்து நாளில் தானாகச் சரியானது. காய்ச்சலில் நாடி ஓடும் என்றுதான் தெரியும், மெதுவாகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி_டூட்டி

அந்தத் தாதிக்கு ஒரு கும்பிடு. மழைக்காலம் என்றதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லாம் வைரஸ் இல்லை. காட்டு வேலை, புதர், புல் என்று போய்வந்தவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சல் வரும், அதுவும் இதயத்தைத் தொடும். அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். வைரஸ் என்று சும்மா விட்டால்தான் ஆபத்து.

நொய்யல்கரையான்

டாக்டர், என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று. வீட்டில் நாலு பேர். பையன், மனைவி, அம்மா எல்லாருக்கும் அதே காய்ச்சல் வந்து போனது. அம்மாவுக்கு 63 வயது, சுகர் வேறு. எல்லாரையும் விட்டு, ஓடுகிற என் இதயத்தை ஏன் பிடித்தது?

ராத்திரி_டூட்டி

முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆண்கள், இளவயது என்றால் கொஞ்சம் கூடுதல். சிலருக்கு இதயத் தசைப் புரதங்களில் பிறவியிலேயே சிறு கோளாறு இருக்கிறது, வைரஸ் வந்து தட்டும்போது அது வெளியே தெரிகிறது. அதனால்தான் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா என்று துருவித் துருவிக் கேட்போம்.

இதில் எனக்குப் பிடித்த கதை சீனாவில் இருக்கிறது. ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் என்று ஒரு வட்டம். 1935-இல் அங்கே பெண்களும் பிள்ளைகளும் இதயம் தளர்ந்து சாக ஆரம்பித்தார்கள். அந்த மண்ணில் செலினியம் என்ற தாது மிகக் குறைவு, விளைகிற தானியத்திலும் இல்லை. செலினியம் மாத்திரை கொடுத்ததும் நோய் பெருமளவு குறைந்தது. ஆனால் சத்துக் குறைவு மட்டும் என்றால் ஏன் சில வருடம் அதிகம், சில வருடம் குறைவு? நோயாளிகளிடம் காக்சாக்கி வைரஸ் அகப்பட்டது. 1990-களில் அமெரிக்காவில் எலிகளில் பார்த்தார்கள். இதயத்தை ஒன்றும் செய்யாத சாதுவான காக்சாக்கி பி3 வைரஸை, செலினியம் இல்லாத தீனி தின்ற எலிகளுக்குள் விட்டார்கள். அந்த உடம்புக்குள் வைரஸே மாறி முரடாகிவிட்டது. அதை எடுத்து நன்றாகத் தின்று கொழுத்த எலிக்குக் கொடுத்தால் அதன் இதயத்தையும் அரித்தது! ஆக, வைரஸ் ஆளைத் தேர்ந்தெடுப்பது மட்டுமில்லை, ஆளும் வைரஸை மாற்றுகிறார்.

உடனே கடைக்குப் போய் செலினியம் டப்பா வாங்காதீர்கள். நம் சாப்பாட்டில் பொதுவாகப் போதுமான அளவு இருக்கிறது.

ஓடியதால்தான் பிடித்தது என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஓடியது நிலைமையை மோசமாக்கியிருக்கலாம், வரவழைத்தது அதுவல்ல.

நொய்யல்கரையான்

இது போதும் டாக்டர். இனி தூங்குவேன்.

ஆஃப்_ஸ்பின்

அப்டேட். ஆடவில்லை. பெவிலியனில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 11 ரன்னில் தோற்றோம். கேப்டன் இன்னும் பேசவில்லை.

எக்கோ_அக்கா

பேசுவான். ஜுரம் விட்டதா?

ஆஃப்_ஸ்பின்

விட்டது அக்கா. பத்து நாள் கழித்துத்தான் பந்து தொடுவேன், அம்மா மேல் சத்தியம் வாங்கிவிட்டார்கள்.

நொய்யல்கரையான் (நாலரை மாதம் கழித்து)

இழையைத் தூசி தட்டுகிறேன், கேட்டவர்களுக்காக.

டிசம்பர் அரை மாரத்தான் போச்சு. பணம் திரும்பத் தரமாட்டார்கள், பெயரையும் மாற்ற விடவில்லை. ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற மேசையில் நின்றேன். ஒருவன் தம்ளரை வாங்கிக்கொண்டு "நீங்க ஓடலையா சார், ஃபிட்டா இருக்கீங்களே" என்றான். சிரித்துவைத்தேன்.

ஆபீசில்தான் கஷ்டம். கட்டுப் போட்டிருந்தால் நாற்காலி தருவார்கள். இதயத்தில் கட்டுப் போட முடியாதே. ஷிப்மென்ட் நாளில் மூன்று மாடி ஏறி இறங்க மாட்டேன் என்றால் மூஞ்சியைத் தூக்குகிறார்கள். கடைசியில் எம்.ஆர்.ஐ. படத்தை மானேஜர் மேசையில் வைத்து, அக்கா சொன்ன கடைமடைக் கதையைச் சொன்னேன். அவர் மன்னார்குடிக்காரர், சட்டென்று புரிந்துகொண்டார்.

போன வாரம் எல்லாம் பார்த்தார்கள். ட்ரோபோனின் 6. எக்கோவில் பம்பிங் 58. 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவைக்கிற ஹோல்டர் இசிஜியில் கூடுதல் துடிப்பு மூன்றே மூன்று. ட்ரெட்மில்லில் கடைசிக் கட்டம் வரை போனேன், கோடு அசையவில்லை. எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பு இல்லை, திட்டு சுருங்கி நூல் அளவுக்கு மிச்சமிருக்கிறது. கோல்ச்சிசின் மூன்றாவது மாதமே நின்றது. மூன்று நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெது ஓட்டம், நாடி 130-ஐத் தாண்டக் கூடாது, நெஞ்சு படபடத்தால் அங்கேயே நில் என்று அனுமதி.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன். பையன் சைக்கிளில் கூட வந்தான், அம்மா அனுப்பிய ஒற்றன். நாலாவது சுற்றில் வாட்ச் 131 என்று கத்தியது. இந்தத் தடவை வாட்ச்சை நம்பினேன். புளியமரத்தடியில் நின்று 96-க்கு இறங்கும் வரை இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.